பால் வராத நாட்களுக்கு யார் விலை கொடுப்பது?

மாடு கட்டியிருக்கும் எந்த வீட்டு வாசலிலும் நின்று, பாலில் ஏதாவது மிச்சமாகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தர்மபுரியானாலும் தேனியானாலும் பதில் ஒன்றுதான்: கட்டுபடியாகவில்லை. தவிட்டு விலையைச் சொல்வார்கள், புண்ணாக்கு விலையைச் சொல்வார்கள், சங்கத்தில் டெஸ்ட் பார்த்துக் குறைத்துவிடுகிறார்கள் என்பார்கள். சரி என்று கேட்டுக்கொண்டு மறுவருடம் அதே வீட்டுக்குப் போனால் மாடு அதே கட்டுத்தறியில் நிற்கும். பக்கத்தில் ஒரு கிடேரியும் கூடியிருக்கும்.

கட்டுபடியாகாத தொழிலை இத்தனை பேர் ஏன் விடாமல் செய்கிறார்கள்? பொய் சொல்கிறார்களா என்றால் இல்லை. மாடு நிற்பதும் உண்மை, கட்டுபடியாகாததும் உண்மை. இரண்டும் சேர்ந்து எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் தமிழ்நாட்டுப் பால் பொருளாதாரத்தின் மையக் கேள்வி. லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கும் வரை அதற்கு விடை கிடைக்காது.

முதலில் இந்தத் தொழில் எவ்வளவு சின்னது என்று பார்த்துவிடுவோம். 2023 மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்கு எழுதிய கடிதத்தில் ஆவினின் கணக்கு இருக்கிறது: 9,673 பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள், பால் ஊற்றும் உறுப்பினர்கள் சுமார் நாலரை லட்சம் பேர், ஒரு நாள் கொள்முதல் 35 லட்சம் லிட்டர். வகுத்துப் பாருங்கள். தலைக்கு எட்டு லிட்டர்கூட வரவில்லை. காலையும் மாலையும் சேர்த்து ஒரு வீடு சங்கத்தில் ஊற்றுவது அவ்வளவுதான். ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு மாடு. 2023-24இல் இந்தியா கறந்த பால் 23.9 கோடி டன், உலகிலேயே முதலிடம். அந்த முதலிடம் இப்படிப்பட்ட எட்டு லிட்டர்களால் ஆனது.

பலகையில் ஒரு விலை, கையில் ஒரு விலை

ஆவினின் கொள்முதல் விலையைக் கூட்டுவதா வேண்டாமா என்பது தமிழ்நாட்டில் அரசாங்கத்தின் முடிவு. அதன் வரலாறு ஒரு பத்தியில் அடங்கிவிடும். 2014 நவம்பரில் பசும்பால் 23 ரூபாயிலிருந்து 28 ஆனது. அதன் பிறகு ஏறத்தாழ ஐந்து வருடம் அசையவில்லை. 2019 ஆகஸ்டில் 32. 2022 நவம்பரில் 35. 2023 மார்ச்சில் லிட்டருக்கு ஏழு ரூபாய் கூட்டித் தரவேண்டும் என்று உற்பத்தியாளர்கள் பாலை நிறுத்திப் போராடினார்கள். அந்த டிசம்பர் 18 முதல் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை வந்தது, 38 ஆயிற்று. எருமைப்பாலுக்கு 47. அந்த மூன்று ரூபாய் விலை அல்ல, ஊக்கத்தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். விலை என்றால் பால் பணத்தோடு வரும். ஊக்கத்தொகை தனியாக வரும், வரும்போது வரும். மாதக்கணக்கில் நிலுவை என்ற புகார் பலமுறை எழுந்திருக்கிறது.

வருடக்கணக்கில் தூங்கிய விலை ஒரே நாளில் விழித்துக்கொள்வதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2014இல் விற்பனை விலை ஒரே வீச்சில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது, 2019இல் ஆறு ரூபாய். ஊரே கொதித்தது. 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் மூன்று ரூபாய் குறைத்தார்கள். நீல நிற பாக்கெட் லிட்டர் 40 ரூபாய் என்று நின்றது அப்போதிருந்துதான். வாங்கும் விலையும் விற்கும் விலையும் இப்படித் தேர்தல் காலண்டரைப் பார்த்து நடந்தால் தீவனக் கம்பெனி மட்டும் அதற்காகக் காத்திருக்குமா?

38 ரூபாய்க்கு வாங்கி 40 ரூபாய்க்கு விற்றால் ஆவின் எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீல பாக்கெட்டில் இருப்பது சமன்படுத்திய பால், கொழுப்பு 3 சதவீதம். கலப்பினப் பசு கறப்பதில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே கொழுப்பு இருக்கும். எடுத்த மிச்சம் வெண்ணெயாகி நெய்யாகி வேறு விலைக்குப் போகிறது. 2023 நவம்பரில் நடந்தது நினைவிருக்கலாம்: 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை பாக்கெட்டுக்குப் பதிலாக, அதே 44 ரூபாய்க்கு 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதா பாக்கெட்டை ஆவின் முன்னால் வைத்தது. பாக்கெட்டில் அச்சடித்த விலை மாறவில்லை, உள்ளே இருந்ததுதான் மாறியது. தைரியமாக விலையைக் கூட்ட முடியாத இடத்தில் நிர்வாகம் செய்யும் வேலை இது.

மாட்டுக்காரருக்கும் கொழுப்பில்தான் விலை. கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளான எஸ்.என்.எஃப்பும் இத்தனை இருந்தால் இத்தனை ரூபாய். 38 என்பது பலகையில் எழுதிய விலை. டெஸ்ட்டில் ஒரு புள்ளி இறங்கினால் விலையும் இறங்கும். கோடையில் பச்சைத்தீவனம் இல்லாமல் வெறும் வைக்கோலைப் போட்டால் எஸ்.என்.எஃப் விழும். மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அவசரத்தில் மடியை ஒட்டக் கறக்காமல் எழுந்தாலோ, கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டாலோ டெஸ்ட் குறையும். தண்ணீர் ஊற்றினால்தான் பால் மெலியும் என்று நகரத்தில் நினைக்கிறோம். தண்ணீரே ஊற்றாத பாலும் மெலியும், அதற்குரிய அபராதத்தை வாங்கும். இயந்திரம் சரியாகத்தான் பார்க்கிறதா என்ற சந்தேகம் ஊருக்கு ஊர் உண்டு. எண் கண்ணெதிரே திரையில் வந்து, ரசீதும் கையில் கிடைக்கும் சங்கங்களில் அந்தச் சந்தேகம் குறைந்திருக்கிறது. மற்ற இடங்களில் சங்கச் செயலாளர் சொல்வதுதான் எண்.

ஒரு மாட்டின் கணக்கு

இப்போது கணக்குப் போடுவோம். கீழே வருவது எந்த ஆய்வின் முடிவும் அல்ல. விலைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறைதான் முக்கியம்.

இரண்டாம் ஈத்துக் கலப்பின ஜெர்சி மாடு ஒன்று. கன்று போட்ட புதிதில் பத்து, பன்னிரண்டு லிட்டர் கறக்கும், போகப்போக இறங்கும். 300 நாள் சராசரி எட்டு லிட்டர் என்று வைப்போம். டெஸ்ட்டெல்லாம் போகக் கையில் லிட்டருக்கு 35 ரூபாய். நாளொன்றுக்கு வரவு 280.

செலவு? உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது அடர்தீவனத்துக்குக் கால்நடைத் துறையினர் சொல்லும் பொது அளவு. நம் மாட்டுக்கு நாலரைக் கிலோ போதும். 50 கிலோ மூட்டை 1,300 ரூபாய் என்றால் கிலோ 26, ஆக 117 ரூபாய். பச்சைத்தீவனம், வைக்கோல், சோளத்தட்டைக்கு ஐம்பது ரூபாய். சொந்த வரப்பில் அறுத்தாலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டல்லவா? தாது உப்பு, மருந்து, சினை ஊசி எல்லாவற்றுக்கும் சராசரியாகப் பத்து ரூபாய். மொத்தம் 177. மிச்சம் 103 ரூபாய்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். யூடியூபில் மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கச் சொல்லித்தரும் தம்பிகளும் இங்கேதான் நிறுத்துவார்கள். நூற்று மூன்றைப் பத்து மாட்டால் பெருக்கி, முப்பது நாளால் பெருக்கி, வீடியோவை முடித்துவிடுவார்கள். மாடு 300 நாள்தான் கறக்கும், ஆனால் வருடம் முழுக்கத் தின்னும் என்பது அந்த வீடியோவில் வராது.

நம் ஊர்க் கலப்பின மாடுகளில் ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் பதினைந்து மாத இடைவெளி விழுவது சாதாரணம். அதாவது 450 நாள். கறந்தது 300, மீதி 150 நாள் வற்றிய மடி. பத்து மாதத்துக்குப் பிறகும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இழுத்துக் கறப்பவர்கள் உண்டு, அதை விட்டுவிடுவோம். பால் வற்றிய நாளிலும் இரண்டு கிலோ தீவனம் கொடுத்தாக வேண்டும், வயிற்றில் கன்று வளர்கிறது. 52 ரூபாய். தீவனப்புல் ஐம்பது, மற்றவை பத்து. நாளுக்கு 112 ரூபாய் கைக்காசு. 150 நாளுக்கு 16,800. கறந்த நாட்களில் சேர்ந்தது 30,900. கழித்தால் மிஞ்சுவது 14,100 ரூபாய். அதை 450 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 31 ரூபாய்.

இரண்டு மாடு என்றால் 62. விடியற்காலை நாலரை மணிக்குச் சாணி அள்ளுவதில் தொடங்கி, புல்லறுத்து, தண்ணீர் காட்டி, இரண்டு வேளை கறந்து, சங்கத்தில் ஊற்றி வருவதற்கு ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் போகும். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். கட்டுபடியாகவில்லை என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். அவர்கள் சொல்வது சரி.

இப்போது அதே கணக்கில் இரண்டு மாற்றங்களைத் தனித்தனியாகச் செய்து பார்ப்போம்.

லிட்டருக்கு மூன்று ரூபாய் கூடினால்? 2,400 லிட்டருக்கு 7,200 ரூபாய் அதிகம். நாளொன்றுக்கு 31 என்பது 47 ஆகிறது. நல்ல ஏற்றம்தான்.

விலை ஒரு பைசா கூடவில்லை, ஈத்து இடைவெளி மட்டும் பதினைந்து மாதத்திலிருந்து பதின்மூன்றுக்குக் குறைகிறது என்றால்? வெறும் நாட்கள் 150இலிருந்து 90 ஆகும். 31 ரூபாய் 53 ஆகிறது.

போராடி வாங்கும் மூன்று ரூபாயைவிட, வெறுமனே நிற்கும் அறுபது நாளைக் குறைப்பதில் கிடைப்பது அதிகம். பால் அரசியல் முழுக்க லிட்டரைச் சுற்றி நடக்கிறது. வீட்டின் நஷ்டமோ பால் வராத நாட்களில் நடக்கிறது. அந்த நாட்களுக்கு ஆவினும் விலை தருவதில்லை, தனியாரும் தருவதில்லை. அதைத் தன் கையிலிருந்து கொடுப்பது மாடு வைத்திருக்கும் குடும்பம்.

மூன்று பருவம்

அறுபது நாள் எங்கே போகிறது? மாட்டுக்குப் பருவம் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வரும். மூன்று பருவம் தவறினால் 63 நாள் போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

தவறுவது எளிது. பருவம் தெரிவது அரை நாளிலிருந்து முக்கால் நாள் வரைதான். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி போடவேண்டும். மாடு கத்தும், கண்ணாடிபோல் வழும்பு தொங்கும், பால் திடீரென்று குறையும். மந்தையாக இருந்தால் ஒரு மாட்டின்மேல் இன்னொன்று தாவுவதே பெரிய அடையாளம். ஒற்றை மாட்டு வீட்டில் தாவுவதற்கு இன்னொரு மாடு எங்கே? வெயில் காலத்தில் கலப்பின மாடுகள் கத்தாமலேகூடப் பருவத்தைக் கடத்திவிடும். அன்றைக்கு வீட்டுக்காரி களையெடுக்கப் போயிருந்தால், அல்லது ஒரு சாவு, கல்யாணம் என்று வெளியூர் போயிருந்தால், தவறியது ஒரு பருவம். பார்த்துவிட்டாலும் அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்து கால்நடை மருந்தகம் பூட்டியிருந்தால் இன்னொன்று. ஊசி போட்டும் நிற்காமல் போனால் மூன்றாவது. ஊசி போட்ட மாடெல்லாம் சினை பிடிப்பதில்லை. உறைவிந்துக் குச்சியைத் திரவ நைட்ரஜன் குடுவையிலிருந்து எடுத்து உருக்கும் விதத்திலிருந்து, போடுபவரின் கைப்பழக்கம் வரை எல்லாம் சரியாக அமைய வேண்டும்.

தாது உப்புக் குறைந்த மாடு பருவத்துக்கே வராது. கன்று போட்ட முதல் இரண்டு மாதத்தில் தீவனத்தை மிச்சம் பிடித்தால் மாடு உடம்பைக் கரைத்துப் பால் கொடுத்துவிட்டு, சினைக்கு வராமல் பழிவாங்கும். சில ரூபாய்த் தாது உப்பில் மிச்சம் பிடிப்பவர் 112 ரூபாய் வீதம் அறுபது நாள் கட்டுகிறார். ஆனால் மூட்டைக் கடையில் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. வெறுமனே நிற்கும் மாட்டின் செலவு அப்படித் தெரிவதில்லை.

1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ், பெரும்பாலும் பெட்டைக் கன்றே பிறக்க வைக்கும் பாலினம் பிரித்த விந்து என்று அரசு சில நல்ல காரியங்களைத் தொடங்கியிருக்கிறது. பாலினம் பிரித்த விந்து பெரிய விஷயம். காளைக்கன்று பிறந்தால் அந்த வீட்டில் முகம் வாடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஏர் இல்லை, வண்டி இல்லை, கலப்பினக் காளைக்கு வேலையே இல்லை. ஒரு கன்று ஒழுங்காகக் குடித்தால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர், அதாவது நூறு ரூபாய்ப் பால். காளைக்கன்றுகள் பல வீடுகளில் ஏன் மெலிந்து சாகின்றன என்பதற்குக் காரணம் இந்த நூறு ரூபாய். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தீவனம்: நிலம் இருப்பவன், இல்லாதவன்

வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லான கோ-4, கோ-5 வைத்து, கிணற்றுத் தண்ணீரும் பாய்கிற பத்து சென்ட் இருந்தால் ஒரு மாட்டின் பச்சைத்தீவனத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வரப்பில் அகத்தி, வேலிமசால் இருந்தால் புண்ணாக்கையும் கொஞ்சம் குறைக்கலாம். பத்து சென்ட்டே இல்லாதவர்களின் கதை வேறு. அவர்கள் அடுத்தவர் வரப்பில் களை எடுப்பதற்குக் கூலியாகப் புல்லைக் கொண்டுபோகிறார்கள், கரும்பு வெட்டும் பருவத்தில் தோகை கட்டுகிறார்கள். மேய்ச்சல் புறம்போக்குகளில் பட்டா ஏறிவிட்டது, அல்லது சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. வைக்கோலும் முன்போல் இல்லை. அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் வைக்கோலைக் கட்டும் இயந்திரம் வந்து சுருட்டினால்தான் உண்டு. டெல்டாவில் கட்டி லாரி ஏறும் வைக்கோல் கொங்கு நாட்டுக்கு வந்து சேரும்போது, அதன் விலையில் பாதி டீசல்.

அடர்தீவனத்தில் மக்காச்சோளம் முக்கியம். நாமக்கல் கோழிக்கும் அதுவே தீனி. இப்போது மூன்றாவது பங்காளி ஒருவர் வந்துவிட்டார். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்கக் கரும்புச்சாற்றைப் பயன்படுத்துவதை 2023 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்படுத்தியதும், எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. மாடு, கோழி, கார் மூன்றும் ஒரே தொட்டியில் வாய்வைத்தால் தீவன மூட்டையின் விலை எந்தத் திசையில் போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பச்சைத்தீவனம் குறைந்த ஊரில் எருமைதான் ஏற்றது, அதன் பாலுக்குக் கொழுப்பும் விலையும் அதிகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 2012 கணக்கெடுப்பில் 7.8 லட்சமாக இருந்த தமிழ்நாட்டு எருமைகள் 2019இல் 5.19 லட்சம். மாடுகளோ 88 லட்சத்திலிருந்து 95 லட்சமாகக் கூடின. குட்டை இல்லை, ஓட்டிப்போக ஆளில்லை, ஈத்து இடைவெளியும் கிடேரி வளரும் காலமும் நீளம். காத்திருக்க வசதியில்லாதவர்கள் கலப்பினப் பசுவைப் பிடித்துக்கொண்டார்கள்.

சந்தையில் முடியும் கணக்கு

அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய மாடு ஐந்து ஈத்துக்குப் பிறகு என்ன விலைக்குப் போகும் என்பதும் பால் கணக்கில் சேர்ந்ததே. வியாழக்கிழமை கூடும் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகளைப் பார்க்கலாம். துண்டுக்குள் கைபோட்டு விரலைப் பிடித்துத் தரகர் பேசும் அந்த விலைதான் பல வீடுகளில் அடுத்த மாட்டுக்கு முன்பணம். இருபதாயிரத்துக்குப் போனாலும் தேய்மானம் 40,000. ஐந்து ஈத்தின் நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்குப் பதினெட்டு ரூபாய் அளவுக்கு வரும். முன்னே சொன்ன 31 ரூபாயிலிருந்து இதையும் கழிக்க வேண்டும். வளர்ந்த கிடேரியும் எருவும் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்.

2017 மே 23 அன்று மத்திய அரசு சந்தையில் மாடுகளை வெட்டுக்கு விற்கத் தடைபோடும் விதிகளை அறிவித்தபோது பால் மாட்டுக்காரர்கள் பதறியதற்குக் காரணம் இதுதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. கிழட்டு மாட்டுக்கு விலையே இல்லை என்றாகியிருந்தால் அதற்குத் தீனி போடும் செலவு யார் தலையில் விழுந்திருக்கும்? மாட்டைக் கும்பிடுவதும் அதே வீடுதான், கறவை நின்றதும் சந்தைக்கு ஓட்டுவதும் அதே வீடுதான். இதில் முரண்பாடு காண்பவர்கள் சாணி அள்ளாதவர்கள்.

மாடு வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். கால்நடைக்கும் விரிவாக்கிய கிசான் கடன் அட்டையில் ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீத வட்டி. அறுபதாயிரத்துக்கு வருடம் 2,400 ரூபாய். ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் வருடம் 14,400, நாளுக்கு 39 ரூபாய். மாடு மிச்சம் பிடித்துக் கொடுத்ததே 31. ரெண்டு வட்டி மாடு முதல் நாளிலேயே கடன்காரருடைய மாடு. அதற்கு மேல் ஒரு மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்துவிட்டால், கோமாரியோ தோல் கழலையோ ஒரு சுற்று வந்துவிட்டால், சொல்லவே வேண்டாம்.

பெரிய பண்ணைகள் ஏன் சாய்கின்றன?

வேலையை விட்டு வந்து இருபது, முப்பது மாட்டோடு பண்ணை வைத்தவர்களில் பலர் இரண்டாம் வருடம் மாட்டை விற்றுவிட்டதைப் பார்க்கிறோம். பெரிதாகச் செய்தால் செலவு குறையும் என்பது பல தொழில்களில் செல்லும். இங்கே செல்லாததற்குக் காரணம், சின்ன வீடு ஒரு பெரிய செலவை எழுதுவதே இல்லை. கூலி. பண்ணைக்காரர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார், தங்க இடம் கொடுக்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆள் திரும்பாவிட்டால் கறப்பதற்குக் கையைப் பிசைகிறார். சின்ன வீட்டில் அந்த ஆள் வீட்டுப் பெண். அவருக்குச் சம்பளமும் இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போகவும் முடியாது. சிறிய பால்மாட்டு வீடு பெரிய பண்ணையைத் திறமையால் வென்றுவிட்டதாகப் பெருமை பேசுகிறோம். அது வெல்வது கொடுக்கப்படாத கூலியால்.

அப்படியானால் அந்தப் பெண் ஏன் செய்கிறார்? ஐந்து மணி நேரம் என்றாலும் அது விடியலிலும் அந்தியிலுமாகச் சிதறிக் கிடக்கும் ஐந்து மணி நேரம். அந்த நேரத்தை விலைக்கு வாங்க ஊரில் யாருமில்லை. மஞ்சளும் கரும்பும் வருடத்துக்கு ஒருமுறைதான் காசு காட்டும், அந்தக் காசும் கடைக்காரர் பற்றுக்கே போகும். பால் பணம் பத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. மளிகை, கைபேசி ரீசார்ஜ், டியூஷன் அதில் ஓடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மாட்டையே விற்கலாம். எருக்குழியில் சேர்வது மானாவாரிக் காட்டுக்கு உரம். லாபம் என்று வரவு-செலவில் தேடினால் கிடைக்காதது, ரொக்க நடமாட்டம் என்று தேடினால் கிடைக்கிறது. கட்டுபடியாகாமலும் கட்டுத்தறி காலியாகாமலும் இருப்பதன் ரகசியம் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் தனியார் நிறுவனங்களும், 2023இல் கிருஷ்ணகிரி வழியாக நுழைந்த அமுலும் வருகின்றன. ஆவினின் எல்லைக்குள் அமுல் கொள்முதல் செய்வதை நிறுத்தச் சொல்லித்தான் ஸ்டாலின் மேலே சொன்ன கடிதத்தை எழுதினார். கூட்டுறவு இன்னொரு கூட்டுறவின் வயலில் இறங்கக்கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் மாட்டுக்காரரைப் பொறுத்தவரை வாசலில் இரண்டு கேன் நிற்பது நல்லது. பால் தட்டுப்பாடான மாதங்களில் தனியார் கூடுதலாகக் கொடுத்து ஆவின் பாலை இழுப்பார்கள். மழைக்குப் பின் பால் பெருகினால் விலையை இறக்குவார்கள். 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் மூடியபோது தனியார் கொள்முதலைச் சுருக்கியதும், வேண்டாம் என்ற பாலெல்லாம் சங்கத்துக்கு வந்ததும் பலருக்கு மறந்திருக்காது. 1981இல் ஆவின் இணையம் உருவானதன் பயன் அந்த மாதங்களில் தெரிந்தது. ஆவின் வேண்டும். ஆனால் ஆவினைக் காப்பாற்றும் பொறுப்பை லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு ஒரு மாட்டுக்காரி சுமக்க வேண்டும் என்பதில் நியாயமில்லை.

என்ன செய்யலாம்? கொள்முதல் விலையைத் தீவன விலையோடும் கூலியோடும் சேர்த்துக் கட்டி, வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில் திருத்தட்டும். வருடக்கணக்கில் தூங்கிவிட்டுப் பத்து ரூபாய் ஏற்றுவதைவிட வருடம் ஒன்றரை, இரண்டு ரூபாய் ஏறுவது வாங்குபவருக்கும் நல்லது. ஊக்கத்தொகை பால் பணத்தோடு ஒரே பட்டுவாடாவில் வரட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வருடம் 365 நாளும் சினை ஊசி போட ஒவ்வொரு சங்கத்திலும் ஓர் ஆள் இருக்கட்டும். கணக்குப்படி பார்த்தால் மூன்று ரூபாய் ஊக்கத்தொகையைவிட அதிகப் பயன் தரக்கூடியது அந்த ஓர் ஆள்தான், செலவும் குறைவு. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் மாடு கத்திய நாளைச் சுழித்து வைத்து, இருபதாம் நாளிலிருந்து கவனிக்க ஆரம்பிப்பது வீட்டார் வேலை. அதற்குக் காசும் செலவில்லை.

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பாக்கெட் விலை இரண்டு ரூபாய் கூடும்போது கோபப்படுங்கள், தப்பில்லை. அந்த இரண்டு ரூபாயில் எத்தனை பைசா பால் கறந்தவருக்குப் போகிறது என்று அதே கோபத்தோடு கேளுங்கள்.